பொய்யிரையின் கதை

மண்புழுவைக் கோத்த தூண்டிலை மீன் கவ்வுகிறது என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புழு அதற்கு உணவு. பசித்த உயிர் உணவை நாடி வருகிறது. ஆனால் வண்ணம் பூசிய மரத்துண்டு ஒன்றையோ, பளபளக்கும் பித்தளைத் தகட்டையோ மீன் பாய்ந்து கவ்வுகிறது என்றால், அஃது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இந்தக் கேள்வியை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக வட அமெரிக்காவில் பலர் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்களுள் தாவரங்களைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்த அறிஞர் உண்டு. தேனீ வளர்த்தவர் உண்டு. ஏர் பிடித்த உழவர் உண்டு. இயந்திரத் தொழிலாளியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் உண்டு. இவர்கள் அனைவரையும் ஒரே கேள்விக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மீன். அதன் பெயர் அகன்ற வாய் பாஸ்.

நேயர்கள் பலர் இம்மீனைக் கண்டிருக்க மாட்டார்கள். வட அமெரிக்காவின் பேரேரிகள் தொடங்கி, மிசிசிப்பி ஆற்றுப் படுகை வழியாகத் தெற்கே புளோரிடா வரையில் உள்ள நன்னீர் நிலைகளே அதன் தாயகம். பசுமை கலந்த உடல்; பக்கவாட்டில் தலை முதல் வால் வரை கரும்பட்டை ஒன்று. வாயை மூடியிருக்கும்போது வாயின் கடைக்கோடி கண்ணையும் தாண்டிப் பின்னே செல்லும். 'அகன்ற வாய்' என்னும் பெயர் அதனால் வந்தது. இரையைத் துரத்தி அலைவதைக் காட்டிலும் ஒளிந்திருந்து தாக்குவதே அதன் வழக்கம். நீர்ப்பாசியின் ஓரத்திலோ, மூழ்கிய மரத்தின் நிழலிலோ அசையாமல் நிற்கும். சிறுமீனோ, தவளையோ, நன்னீர் இறாலோ அருகில் வந்தால், வாயை ஒரு நொடியில் அகலத் திறக்கும். அப்போது நீர் உள்ளே பாய்கிறது. நீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. கவ்வுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது உறிஞ்சுகிறது. உள்ளே போனது உணவன்று என்று தெரிந்தால் அதே வேகத்தில் வெளியே உமிழ்ந்துவிடும். இந்த இரண்டு செயல்களுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய நேரத்தில்தான் தூண்டிற்காரனுடைய வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

நம் நாட்டு விரால் மீனை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. விராலும் பதுங்கி நின்று பாய்வதே. தவளையைக் கண்டால் விடாதது. தன் குஞ்சுகளைக் காவல் காப்பது. உறவு முறையில் இரண்டும் மிகத் தொலைவானவை எனினும், வாழ்க்கை முறையில் ஓரளவு ஒற்றுமை உண்டு.

பாஸ் மீனைப் பொய்யிரையால் பிடித்த முறையை விரிவாக எழுதி வைத்த பழைய ஆசிரியருள் ஒருவர் வில்லியம் பார்ட்ரம் என்பார். பிலடெல்பியா நகரைச் சேர்ந்த இத்தாவர அறிஞர் 1774ஆம் ஆண்டில் புளோரிடாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் படகில் சுற்றினார். அந்தப் பயணத்தின் வரலாறு 1791இல் நூலாக வெளிவந்தது. அந்நூலில் அவர் 'டிரவுட்' என்று குறிப்பிடும் மீன் உண்மையில் டிரவுட் அன்று. அகன்ற வாய் பாஸ்தான். அமெரிக்கத் தென்பகுதி மக்கள் நெடுங்காலம் அதனை அப்பெயராலேயே அழைத்து வந்தனர்.

அவர் கண்ட முறை எளியது. சிறு படகில் இருவர் செல்வர். ஒருவர் பின்னே அமர்ந்து ஓசையின்றித் துடுப்பு வலிப்பார். முன்னே இருப்பவர் கையில் பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள கோல் இருக்கும். கோலின் நுனியில் நீண்ட நூல் கிடையாது. ஒன்றரை அடிக்குச் சற்று மிகுந்த நூல் மட்டுமே. அதன் முனையில் மூன்று பெரிய முட்களை முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முட்களை மறைத்து மான்வாலின் வெண்மயிரும், சிவப்புத் துணிக் கிழிசலும், பலநிற இறகுகளும் சுற்றியிருக்கும். மனிதனுடைய கைமுட்டி அளவுக்குப் பெரிதான குஞ்சம் அது. அக்குஞ்சத்தை நீரின் மேல் தொட்டும் தொடாமலும் ஆட்டிக்கொண்டே கரையோரப் பாசிகளின் பக்கமாகச் செல்வர். பதுங்கியிருந்த மீன் சட்டென்று பாயும். குஞ்சம் எந்த உயிரைப் போன்றது என்று கேட்டால் விடை சொல்வது அரிது. அது தவளையும் அன்று, மீனும் அன்று, பறவைக் குஞ்சும் அன்று. பொய்யிரை இயற்கைப் பொருளின் உருவத்தை ஒத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்பதை அன்றே அது காட்டிவிட்டது. பின்னாளில் வந்த பலர் இதனைக் கவனிக்கவில்லை என்பது வேறு செய்தி.

இம்மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்த வரலாறு சிறிது வேடிக்கையானது. 1802ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லசெபேத் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாஸ் இனத்து மீன் ஒன்றை ஆராய்ந்தார். அவர் கைக்குக் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்பு ஏதோ ஒரு காலத்தில் ஊனமுற்றுப் பிளவுபட்டிருந்தது. பிளவுபட்ட துண்டைத் தனித்துடுப்பு என்று எண்ணி, 'சிறு துடுப்பு உடையது' என்று பொருள்படும் மைக்ரோப்டரஸ் என்ற பெயரை அவர் சூட்டினார். அப்பெயரே இன்றுவரை அந்த இனம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. உண்மையில் அம்மீனின் துடுப்பு சிறியதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. பாரிஸ் என்று அங்கும் ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் கடிகாரம் பழுது பார்த்து வந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர், பற்சக்கரங்கள் பொருத்திய நூல் உருளை ஒன்றைச் செய்தார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுழலும். கடிகாரத் தொழிலின் நுட்பம் தூண்டில் தொழிலுக்கு வந்தது இவ்வாறுதான். பிராங்க்போர்ட் நகரில் மீக் சகோதரர்கள் அதனை மேலும் செப்பம் செய்தனர். அக்காலத்தில் அந்த உருளை பொய்யிரைக்காக ஏற்பட்டதன்று. உயிருள்ள சிறுமீனைக் கோத்துத் தொலைவில் எறிவதற்காகவே ஏற்பட்டது. எனினும் கனமான ஒரு பொருளை நெடுந்தொலைவு வீசவும், விரைந்து இழுக்கவும் அதனால் முடிந்தது. அந்த வசதி இல்லாவிடில் பிற்காலத்து மரமீனை எறிந்திருக்கவே இயலாது.

ஏறத்தாழ இதே காலத்தை ஒட்டி வெர்மாண்ட் மாநிலத்தின் போமசீன் ஏரியில் நடந்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. ஜூலியோ பியூயல் என்ற இளைஞர் படகில் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்தார். கைதவறிக் கரண்டி நீரில் விழுந்தது. பளபளவென்று புரண்டு புரண்டு அது மூழ்கிக்கொண்டிருக்கையில், பெரிய மீன் ஒன்று வந்து அதனைப் பற்றியதாம். வீட்டிற்குச் சென்ற பியூயல் மற்றொரு கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு, முள்ளைப் பொருத்தி ஏரிக்குக் கொண்டுவந்தார் என்பர். கதை எவ்வாறாயினும், 1852ஆம் ஆண்டில் அவர் சுழலும் உலோகப் பொய்யிரைக்குக் காப்புரிமை பெற்றது ஆவணத்தில் உள்ள உண்மை. 1859இல் ஓஹையோ மாநிலத்தின் ரைலி ஹாஸ்கெல் செம்பில் மீன் வடிவம் செய்து காப்புரிமை பெற்றார். ஹாஸ்கெல் செய்த மீன்களுள் ஒன்று 2003இல் நடந்த ஏலம் ஒன்றில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதனை வாங்கியவர் நிச்சயமாகத் தண்ணீரில் எறிந்திருக்க மாட்டார்!

இதற்கிடையே மீனும் ஊர் விட்டு ஊர் சென்றது. அப்பலாச்சியன் மலைத்தொடருக்குக் கிழக்கே ஓடும் பொட்டோமாக் ஆற்றில் பாஸ் இனம் முன்பு இருந்ததில்லை. 1854ஆம் ஆண்டில் ஷ்ரைவர் என்பவர், ஓஹையோ ஆற்றுப் பக்கத்திலிருந்து சில பாஸ் மீன்களைப் புகைவண்டி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மலையைக் கடந்து கொண்டுவந்தார். கம்பர்லண்டு நகரின் கால்வாயில் அவற்றை விட்டார். அந்தச் சில மீன்களின் வழித்தோன்றல்கள் பொட்டோமாக் ஆறு முழுவதும் பரவின. நீராவி எஞ்சினுக்குத் தேவையான தண்ணீர், மீனுக்கும் தற்காலிக வீடாயிற்று. இரும்புப் பாதைகள் நீண்டபோது மீனின் எல்லையும் நீண்டது. 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவர் பாஸ் மீனுக்கென்றே தனிநூல் ஒன்று எழுதினார். அதுவரை டிரவுட், சால்மன் ஆகிய மீன்களையே உயர்குலமாகக் கருதிய தூண்டிற்காரர்கள், பாஸ் மீனையும் மதிக்கத் தொடங்கினர்.

இனி, மிச்சிகன் மாநிலத்துக்கு வருவோம். டவாஜியாக் என்பது அம்மாநிலத்தின் தென்மேற்கே உள்ள சிற்றூர். அங்கு வாழ்ந்த ஜேம்ஸ் ஹெடன் (1845–1911) தேனீ வளர்ப்பில் நாடறிந்தவர். புதுவகைத் தேன்பெட்டி ஒன்றை வகுத்தவர். ஒருநாள் அவர் ஊர் ஆலைக் குளத்தின் கரையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்தாராம். பொழுது போகாமல் கையிலிருந்த மரத்துண்டைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். நண்பர் வந்ததும் எழுந்து, அந்தத் துண்டைக் குளத்தில் எறிந்தார். மரத்துண்டு நீரில் விழுந்ததோ இல்லையோ, ஒரு பாஸ் மீன் அதனைத் தாக்கி மேலே எறிந்தது. இதைப் பார்த்துத்தான் மரத்தால் பொய்யிரை செய்யும் எண்ணம் அவருக்கு உதித்தது என்று அவ்வூரார் கூறுவர்.

இது நடந்த ஆண்டு எது என்பதில் கதை சொல்வோரிடையே ஒற்றுமையில்லை. சற்று எண்ணிப் பாருங்கள். பியூயலின் கரண்டி தற்செயலாக விழுந்தது. ஹெடனின் மரத்துண்டும் தற்செயலாக விழுந்தது. நியூட்டனுக்கு ஓர் ஆப்பிள் விழுந்ததுபோல, கண்டுபிடிப்பாளர் ஒவ்வொருவர் முன்னும் ஏதேனும் ஒன்று விழவேண்டும் என்று மக்கள் விரும்புகிறார்கள் போலும். நான் இக்கதைகளைப் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் குளத்தில் மரத்துண்டு எறிந்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். எறிந்தபின் நிகழ்ந்ததை மனத்தில் நிறுத்தி, மறுபடி மறுபடி வேறு வேறு துண்டுகளைச் சீவி எறிந்து பார்த்தவர் ஹெடன். தேன்கூட்டின் சட்டம் அரை விரற்கடை மாறினாலும் தேனீயின் நடத்தை மாறுவதை ஆண்டுக்கணக்கில் கவனித்தவருக்கு, மரத்துண்டின் சரிவு சிறிது மாறினால் மீனின் நடத்தை மாறுவதைக் கவனிப்பது இயல்பாக வந்திருக்கும். இஃது என் ஊகம். எனினும் கரையில் காத்திருந்த கதையைவிட இதுவே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

முதலில் அவர் மரத்தால் தவளைகளைச் செதுக்கினார். பின்பு நீர்மேல் மிதக்கும், முகம் சரிந்த மரமீனைச் செய்தார். 1902இல் காப்புரிமை கிடைத்தது. மகன்களோடு சேர்ந்து தொழிற்சாலை அமைத்தார். கண்ணாடிக் கண்களும், மும்முனை முட்களும், பலமுறை பூசிய வண்ணமும் கொண்ட மரமீன்கள் அவ்வூரிலிருந்து நாடெங்கும் சென்றன. அதே மாநிலத்தின் கலமசூ நகரில் நூல் உருளை செய்து புகழ்பெற்ற மற்றொருவரின் பெயரைக் கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர்! நூல் ஒரே பக்கம் குவிந்துவிடாமல் சீராகச் சுற்றிக்கொள்ளும் உருளையை அமைத்து, 1897இல் நிறுவனம் தொடங்கியவர் இவர். நாடகம் எதுவும் எழுதவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியானா மாநிலத்தின் காரெட் என்னும் ஊரில் கிரீக் சப் என்ற நிறுவனம் தோன்றியது. மரமீனின் தாடையில் சிறு உலோகத் தகடு ஒன்றை நாக்குப் போலப் பொருத்தியது அந்நிறுவனத்தின் புதுமை. நூலை இழுத்தால் நீர் அத்தகட்டில் மோதும்; மரமீன் தலையைத் தாழ்த்தி நீருக்குள் இறங்கும்; வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் அசையும். இழுப்பதை நிறுத்தினால் மேலே மிதந்து வரும்.

இந்த நிறுவனத்தின் பொய்யிரை ஒன்றுதான் ஜார்ஜ் பெர்ரி என்னும் உழவரின் கையில் இருந்தது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார முடக்கம் நிலவிய காலம் அது. ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த பெர்ரிக்கு இருபது வயதை ஒட்டியிருக்கும். குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் மழையினால் உழவு வேலை நடக்கவில்லை. நண்பர் ஒருவரோடு ஒக்மல்கி ஆற்றின் பழைய கிளையான மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொய்யிரைதான் இருந்தது என்பர். அது மரவேரில் சிக்கி அறுந்திருந்தால் அன்றைய மீன்பிடிப்பு அத்தோடு முடிந்திருக்கும். நீர் குமிழியிட்டது, நூலை இழுத்தார், ஒன்றும் அசையவில்லை. கட்டையில் மாட்டிக்கொண்டதோ என்று அவர் எண்ணிய வேளையில் கட்டை நகரத் தொடங்கியது.

அண்மையில் இருந்த ஹெலினா என்னும் ஊருக்கு எடுத்துச் சென்று நிறுத்தார்கள். 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். பத்திரிகை ஒன்று நடத்திய போட்டிக்கு எடை விவரத்தை அனுப்பினார். 75 டாலர் பெறுமான பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்ன ஆயிற்று? வீட்டிற்குக் கொண்டுசென்று சமைத்து உண்டார்கள். உலகின் மிகப் பெரிய பாஸ் மீனைப் பதம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் தின்றுவிட்டார்களே என்று பிற்காலத்தார் சிலர் வருந்துகின்றனர். அவர்களுக்கு அந்த ஆண்டுகளின் வறுமை தெரியாது. மழையால் வேலை கெட்ட நாளில் வீட்டிற்குப் பத்துக் கிலோ மீன் வந்தது. பெர்ரி எதற்காக ஏரிக்குப் போனாரோ அது நிறைவேறியது.

அதே 1930களில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. மண்ணரிப்பைத் தடுக்கவும் கால்நடைக்கு நீர் தேக்கவும் அமெரிக்க உழவர்கள் தம் நிலங்களில் குட்டைகள் வெட்டினர். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஹோமர் சுவிங்கில் என்ற பேராசிரியர், இக்குட்டைகளில் எந்த மீனை எவ்வளவு விட்டால் உழவன் வீட்டிற்கு ஆண்டுதோறும் உணவு கிடைக்கும் என்று ஆராய்ந்தார். புளூகில் என்னும் சிறுமீன் பூச்சிகளைத் தின்று பெருகும். பாஸ் அச்சிறுமீனைத் தின்று வளரும். பாஸ் இல்லாவிடில் புளூகில் அளவுக்கு மீறிப் பெருகி, எல்லாம் விரல் நீளத்தோடு நின்றுவிடும். ஒன்றுக்குப் பத்து என்னும் வீதத்தில் குஞ்சுகளை விடுமாறு உழவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. இவ்வாறு பாஸ் மீன் பெரிய ஏரிகளைவிட்டு வீட்டுப் பக்கத்துக் குட்டைக்கே வந்து சேர்ந்தது. பள்ளிச் சிறுவனும் மாலையில் கோலோடு போய்ப் பொய்யிரைகளை மாற்றி மாற்றி எறிந்து பார்க்க முடிந்தது.

அச்சிறுவனுடைய பெட்டியில் என்னென்ன இருக்கும்? ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிரெட் ஆர்போகாஸ்ட் செய்த 'ஜிட்டர்பக்' ஒன்று இருக்கலாம். அக்காலத்து நடனம் ஒன்றின் பெயர் அது. கிண்ணம் போன்ற அகன்ற தகட்டை முகத்தில் கொண்ட இப்பொய்யிரை, நீர்மேல் இருபக்கமும் ஆடிக்கொண்டு களகளவென்று ஒலியெழுப்பி வரும். இரண்டாம் உலகப் போரில் உலோகம் கிடைக்காத காலத்தில் அத்தகட்டைப் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். அந்தி மயங்கும் வேளையில், காற்று அடங்கிய நீரில் இது நன்கு பயன்படும். நடுப்பகலில் வெயில் உறைக்கும்போது எறிந்தால் பெரும்பாலும் பயனில்லை. அப்போது மீன் ஆழத்தில் நிழலைத் தேடி நிற்கும். அங்கே எட்டுவதற்குத் தாடைத் தகடு உடைய மரமீன் வேண்டும். பாசி அடர்ந்த இடத்தில் மும்முனை முட்கள் சிக்கிக்கொள்ளும். அங்கே வேறொன்று தேவைப்பட்டது.

அந்த வேறொன்றும் ஆக்ரன் நகரிலிருந்தே வந்தது. நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளி 1949ஆம் ஆண்டை ஒட்டி, மெய்யான மண்புழுவைக் கொண்டு அச்சு எடுத்தார். வினைல் பிளாஸ்டிக்கை எண்ணெயும் சாயமும் கலந்து, தம் மனைவியோடு வீட்டு அடுப்படியிலேயே காய்ச்சி அந்த அச்சில் வார்த்தார். ஒரு டாலருக்கு ஐந்து புழுக்கள் என்று அஞ்சல் வழி விற்றார். மரத்தைக் கவ்விய மீன் அதன் கடினத்தை உணர்ந்து உடனே உமிழ்ந்துவிடும் என்று முன்னர்க் கூறினேன். இந்தப் புழுவோ மெத்தென்றிருக்கும். மீன் சிறிது நேரம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட்டால் பாசியிலும் சிக்காது. அடியில் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு பொறுமையோடு காத்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற கருவியன்று.

மூன்றாவது ஒன்று கடல் கடந்து வந்தது. பின்லாந்து நாட்டு மீனவர் லாரி ரப்பாலா, ஏரியில் பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்தைத் தாக்குவதை உற்றுநோக்கி வந்தார். கூட்டத்தில் எந்த மீன் தள்ளாடி நீந்துகிறதோ அதனையே அவை தேர்ந்தெடுப்பதைக் கண்டார். 1936இல் தக்கை மரத்தைச் செதுக்கி, மேலே ஈயத்தாளைச் சுற்றி, பழைய நிழற்படச் சுருள்களை உருக்கி மெழுகு பூசினார். காயம்பட்ட மீன் எவ்வாறு தள்ளாடுமோ அவ்வாறே அது தள்ளாடியது. 1962 ஆகஸ்டில் 'லைப்' இதழ் இதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அப்போது மறைந்த நடிகை மர்லின் மன்றோவின் படம் அவ்விதழின் அட்டையில் இருந்ததால் இதழ் எங்கும் விற்றுத் தீர்ந்தது. பின்லாந்து மீனவரின் தக்கைமீனும் அமெரிக்கா எங்கும் அறிமுகமாயிற்று.

வண்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் நூற்றுக்கணக்கான வண்ணங்களில் பொய்யிரைகள் கிடைக்கின்றன. 2019இல் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பாஸ் மீனின் கண்ணைச் சோதித்தனர். நிறத்தை அறியும் அணுக்களில் சிவப்புக்கு ஒருவகை, பச்சைக்கு ஒருவகை என இரண்டே அதற்கு உண்டு. சிவப்பையும் பச்சையையும் அது நன்கு பிரித்தறிகிறது. ஆனால் பசுமஞ்சளையும் வெண்மையையும், கருநீலத்தையும் கருமையையும் வேறுபடுத்தி அறிய இடர்ப்படுகிறது. ஆகவே அவ்வண்ணங்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் மீனைக் காட்டிலும் கடைக்கு வருபவரையே மிகுதியும் கவர்கின்றன என்று கொள்வதில் தவறில்லை.

பெர்ரியின் சாதனைக்கு இணையான மீன் எழுபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதுவும் அமெரிக்காவில் அன்று. 1925ஆம் ஆண்டில் அகாபோஷி டெட்சுமா என்னும் செல்வர் ஜப்பானின் ஆஷி ஏரியில் இம்மீனை விட்டார். பின்பு அது நாடெங்கும் பரவிற்று. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், பீவா ஏரியில் குரிதா மனாபு என்பவர் 10.12 கிலோ எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸ் அளவே மிகுதி. பழைய சாதனையை இரண்டு அவுன்ஸாவது விஞ்சினால்தான் புதிய சாதனை என்பது விதி. எனவே இரண்டும் சமம் என்று அறிவிக்கப்பட்டது. குரிதா பயன்படுத்தியது பொய்யிரை அன்று, உயிருள்ள புளூகில். அந்தப் புளூகிலும் ஜப்பானுக்கு அயல்மீனே. 1960இல் சிகாகோ நகர மேயர், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிதோவுக்கு அதனை அன்பளிப்பாக அளித்தார். உணவுக்குப் பயன்படும் என்று வளர்க்கப்பட்ட அது ஏரிகளில் பெருகி, உள்நாட்டு மீன்களை அழித்தது. 2007இல் பேரரசராக இருந்த அகிஹிதோ, தம் செயலால் நேர்ந்த இவ்விளைவு தம்மை வருத்துகிறது என்று வெளிப்படையாகக் கூறினார். 2005இல் ஜப்பானிய அரசு பாஸ், புளூகில் இரண்டையும் தீங்கான அயல் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பீவா ஏரியில் பிடிபட்ட பாஸ் மீனை மீண்டும் நீரில் விடுவது கூடாது என்பது அம்மாகாணத்து விதி.

அமெரிக்காவிலோ வழக்கம் நேர்மாறாக வளர்ந்தது. 1967இல் ரே ஸ்காட் என்னும் காப்பீட்டு முகவர் ஆர்க்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டிப் பொய்யிரைப் போட்டி ஒன்றை நடத்தினார். அடுத்த ஆண்டில் பெரும் சங்கம் ஒன்றை நிறுவினார். போட்டிகளில் பிடிபட்ட மீன்கள் குவியல் குவியலாகச் செத்துக் கிடப்பதைக் கண்டு மக்கள் முகம் சுளித்தனர். அதனால் 1972 முதல், பிடித்த மீனைப் படகிலுள்ள நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, நிறுத்தபின் ஏரியில் விட்டுவிட வேண்டும் என்று ஸ்காட் வற்புறுத்தலானார். விட்டுவிட்டால் மீனுக்கு ஒரு குறையும் இல்லை என்று பலர் நம்பினர்.

இந்த நம்பிக்கையைத்தான் இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரி சோதித்தது. 1970களின் நடுவில் ஆராய்ச்சியாளர்கள் அச்சிற்றேரியில் தூண்டில் போடுவோர் பிடித்த ஒவ்வொரு பாஸ் மீனையும் அளந்து, அடையாளம் இட்டு, மறுபடி நீரிலேயே விட்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்தார்கள். 1,700க்கு மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. ஒரு மீன் ஒரே ஆண்டில் பதினாறு முறை பிடிபட்டிருந்தது. ஏறத்தாழ இருநூறு மீன்களோ, நான்கு ஆண்டும் அதே ஏரியில் இருந்தும், ஒரு முறைகூடப் பிடிபடவில்லை. எளிதில் பிடிபட்டவற்றை ஒரு புறமும் பிடிபடாதவற்றை மற்றொரு புறமும் பிரித்து இனம் பெருக்கினார்கள். மூன்று தலைமுறை வரை பார்த்ததில், பிடிபடும் இயல்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குச் செல்கிறது என்பது தெளிவாயிற்று. இம்முடிவு 2009இல் வெளியிடப்பட்டது.

இதன் பொருள் யாது? பாஸ் இனத்தில் ஆண்மீனே குளத்தின் அடியில் தட்டுப் போலக் குழி பறித்துக் கூடு அமைக்கிறது. பெண்மீன் முட்டையிட்டுச் சென்றபின், வாலால் விசிறி முட்டைகளுக்குத் தூய நீர் பாய்ச்சுவதும், அருகே வரும் எதனையும் விரட்டுவதும் தந்தையின் கடமை. அந்த நாள்களில் கூட்டின்மேல் வந்து விழும் மரமீனை அது பசியினால் தாக்குவதில்லை. பகைவன் என்று எண்ணியே தாக்குகிறது. எளிதில் பிடிபடும் மரபில் வந்த ஆண்மீன்கள் முட்டைகளை அதிக ஊக்கத்தோடு பேணுகின்றன, கூட்டை அதிக வீரத்தோடு காக்கின்றன என்று 2012இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. தூண்டில் இல்லாத நீரில் அவற்றுக்கே குஞ்சுகள் மிகுதி. அதாவது, பொய்யிரை குளத்திலுள்ள மீன்களுள் நல்ல தந்தையரையே தேடிப் பிடிக்கிறது.

தந்தையை நீரிலிருந்து தூக்கி, முள்ளைக் கழற்றி, அளந்து, படம் எடுத்து, திரும்ப விடுவதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. கூட்டைச் சுற்றிச் சற்றுத் தொலைவில் புளூகில்கள் காத்திருக்கின்றன. காவல் நீங்கிய அந்தச் சில நிமிடங்களில் அவை கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. தந்தை திரும்பி வந்தாலும், எஞ்சியவை மிகச் சிலவாயின் பல வேளைகளில் அது கூட்டையே கைவிட்டுச் சென்றுவிடுகிறது. கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில், கூடு காக்கும் காலம் முடியும் வரை, ஜூன் மாதப் பிற்பகுதிவரையில், பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுவதற்கே நெடுங்காலமாகப் பல பகுதிகளில் தடை இருந்து வந்திருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய தடை வழக்கில் இல்லை. வசந்த காலத்தில் கூடுகளைத் தேடிப் பொய்யிரை எறிவதே அங்குப் பலருக்கு ஆண்டின் சிறந்த பருவமாக இருக்கிறது.